வாடிய புல்தரையை உரமிட்டு மீட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டு முன்புறத்துப் புல்தரை மஞ்சளித்துப் போனால், பலரும் உடனே நர்சரிக்குப் போய் யூரியா வாங்கி வந்து கை நிறைய அள்ளி வீசிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கரும்பச்சை தெரியும். வேறு சில இடங்கள் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடக்கும். இரண்டுக்கும் காரணம் அதே யூரியாதான். ஓரிடத்தில் தேவையான அளவும் இன்னோரிடத்தில் தேவைக்கு மேலும் விழுந்திருக்கிறது.

நலிந்த புல்லின் வேர் ஆழமில்லாதது, எண்ணிக்கையிலும் குறைவு. அது உறிஞ்சக்கூடிய சத்து கொஞ்சம்தான். மீதியெல்லாம் மண்ணில் உப்பாக நின்று, வேரிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடும். உரம் போட்டதும் புல் கருகுவது இப்படித்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே அடிப்படை: நலிவுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பாதி அளவு உரத்தை இடைவெளி விட்டுப் பலமுறை கொடுக்க வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் தமிழ்நாட்டுச் சமவெளியில் வளரும் அருகம்புல், கொரியன் புல், எருமைப் புல் ஆகியவற்றுக்கானவை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் அமில மண்ணுக்கும் குளிருக்கும் கணக்கு வேறு.

முதலில், உரப் பற்றாக்குறைதானா என்று பாருங்கள்

உரப்பையைத் தொடுவதற்கு முன் நான்கு சோதனைகள் செய்யுங்கள். அரை மணி நேரம் போதும்.

மஞ்சளான இடத்தின் ஓரத்தில் ஒரு பிடி புல்லைப் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல புல் எதிர்த்து நிற்கும். பாய் சுருட்டுவது போல மேலே வந்துவிட்டால் வேரை ஏதோ தின்றிருக்கிறது. அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கிளறினால், ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைந்த வெண்ணிறப் புழுக்கள் கிடக்கலாம். கரையான் மண்பூச்சும் தென்படலாம். இவை இருக்கும்வரை எந்த உரமும் வீண்.

அடுத்து ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரை, தண்ணீர் விட்ட மறுநாள், மண்ணில் அழுத்துங்கள். கையழுத்தத்தில் நான்கு விரற்கடை கூட இறங்கவில்லை என்றால் மண் இறுகியிருக்கிறது. புதிதாகக் கட்டிய வீடுகளில் இதுதான் பெரும் சிக்கல். கட்டட இடிபாடு, சிமென்ட் கட்டி, ஜல்லி எல்லாவற்றையும் பரப்பி, மேலே அரை அடிகூடச் செம்மண் போடாமல் புல் பதித்துவிடுகிறார்கள். முதல் வருடம் பசுமையாக இருக்கும். பதியத்தோடு வந்த மண்ணின் சத்து தீர்ந்ததும் புல் படுத்துவிடும். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறுவதால், இருக்கும் சத்தைக்கூடப் புல்லால் எடுக்க முடியாது.

மூன்றாவதாக வெயில். அருகம்புல்லுக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மாமர நிழலில், மதில் ஓரத்தில் அது மெலிவது பசியால் அல்ல. அங்கே நைட்ரஜன் எனும் தழைச்சத்தைக் கொட்டினால் தண்டு நீண்டு, மென்மையாகி, இன்னும் சீக்கிரம் அழுகும். நிழலை ஓரளவு தாங்கும் எருமைப் புல்லுக்கு மாறுங்கள். அல்லது அந்த இடத்தைப் புல்லுக்கென்று ஒதுக்குவதையே விட்டுவிடுங்கள். மனம் கேட்காது என்பது தெரியும். ஆனாலும் அதுதான் சரி.

நான்காவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் பகுதிகளில், கோடையில் மண் பரப்பில் வெண்மையாகப் படிவு தெரியும். இலை நுனி மட்டும் காய்ந்து பழுப்பாவதும் உப்பின் அடையாளம்தான். அங்கே ரசாயன உரம் மேலும் உப்பையே சேர்க்கும். நல்ல மழைக்குப் பின், உப்பு கீழே கழுவப்பட்ட பிறகு உரத்தைத் தொடங்குவதே உத்தமம்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் இலையைப் பாருங்கள். ஒரு தண்டைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் உள்ள பழைய இலைகள் முதலில் ஒரே சீராக வெளிறி, குருத்து மட்டும் பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை. செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தைப் பிரித்தெடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும் என்பதால் இப்படி. மாறாகக் குருத்து இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக நின்றால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இரும்பு செடிக்குள் இடம் பெயராது. அதனால் புதிய இலைதான் முதலில் பட்டினி கிடக்கும். கோவைப் பகுதியின் சுண்ணாம்பு கலந்த கரிசலில் இது அடிக்கடி வரும். இந்த மஞ்சளுக்கு யூரியா போட்டால் புல் வேகமாக வளர்ந்து இன்னும் வெளிறும்.

மண் பரிசோதனை

ஒரு சென்ட் புல்தரைக்கு மண் பரிசோதனையா என்று தயங்க வேண்டாம். செலவு மிகக் குறைவு, தேவையற்ற உரத்தை வாங்காமல் மிச்சப்படுவதே அதைவிட அதிகம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும், வேளாண் அறிவியல் நிலையங்களிலும், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பரிசோதிக்கலாம்.

எட்டுப் பத்து இடங்களில் புல்லை விலக்கிவிட்டு, 'வி' வடிவில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சரிவில் மேலிருந்து கீழாக மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக்கிலோ நிற்கும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள். உரமிட்ட சூட்டோடு எடுத்த மண் தவறான விடை தரும்.

முடிவில் முதலில் பார்க்க வேண்டியது பி.எச் எனும் கார அமில நிலை. 6 முதல் 7.5 வரை கவலையில்லை. 8-ஐத் தாண்டினால் இரும்பு, துத்தநாகம், பாஸ்பரஸ் எனும் மணிச்சத்து எல்லாம் மண்ணோடு பூட்டிக்கொள்ளும். அடுத்து உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துதிறன். 1-க்குக் கீழே இருந்தால் நல்லது. பரிந்துரை ஏக்கர் கணக்கில் வந்தால் மலைக்க வேண்டாம். ஒரு ஏக்கருக்கு 1 கிலோ என்றால் ஒரு சென்ட்டுக்கு 10 கிராம். ஹெக்டேருக்கு 1 கிலோ என்றால் சென்ட்டுக்கு ஏறத்தாழ 4 கிராம்.

எந்த உரம்?

பையின் மேல் இருக்கும் மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாசியம் எனும் சாம்பல்சத்து ஆகியவற்றின் சதவீதத்தை இதே வரிசையில் சொல்கின்றன. புல்லுக்கு வேண்டியது பெரும்பாலும் தழைச்சத்து, அதற்கு அடுத்தபடி சாம்பல்சத்து. பூவும் காயும் எடுக்காத பயிருக்கு மணிச்சத்து மிகக் குறைவாகவே போதும். டி.ஏ.பி. எனும் டை அம்மோனியம் பாஸ்பேட் உரத்தில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46. புதிதாகப் புல் பதிக்கும்போது அது உதவும். வளர்ந்த புல்தரைக்கு ஆண்டுதோறும் டி.ஏ.பி. போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சேர்ந்துபோன மணிச்சத்து, இரும்பைப் புல்லுக்குக் கிடைக்காமல் செய்யும். பரிசோதனை 'குறைவு' என்று சொன்னால் மட்டும் இடுங்கள்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. இந்தியாவில் இப்போது விற்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. சத்து சற்று மெதுவாக வெளிப்படும் என்றாலும், மேலே தூவிவிட்டுத் தண்ணீர் விடாமல் விட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கார மண்ணிலும் வெயிலிலும் இந்த இழப்பு அதிகம். விலை குறைவு, வேகம் அதிகம், கருக்கும் ஆபத்தும் அதிகம்.

பி.எச் 7.5-க்கு மேல் இருந்தால் அம்மோனியம் சல்பேட்டையே தேர்ந்தெடுப்பேன். தழைச்சத்து 20.5 சதவீதம்தான், ஆனால் கந்தகமும் கூடவே வருகிறது. வேரைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தையும் சிறிது தணிக்கும். உப்பு நீர் உள்ள இடத்தில் மட்டும் கைக்கொள்ளும் அளவைக் குறைக்க வேண்டும்.

சாம்பல்சத்துக்கு வழக்கமான பொட்டாஷ் உரத்தில் 60 சதவீதம் உண்டு. ஆனால் குளோரைடும் சேர்ந்தே வரும். உவர்நீர்ப் பகுதிகளில் 50 சதவீதச் சத்துள்ள சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான். வறட்சியையும் மிதிபடுவதையும் தாங்கும் வலு சாம்பல்சத்தால் கிடைப்பதால் கோடைக்கு முன் இதைத் தவிர்க்காதீர்கள்.

மிகவும் நலிந்த புல்லுக்கு, நீரில் முழுதாகக் கரையும் 19:19:19 முதல் இரண்டு தடவைக்கு நல்லது. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் பூவாளியால் ஊற்றினால் போதும். கருகும் வாய்ப்பு மிகக் குறைவு.

இயற்கை உரங்களில் நான் முதலிடம் தருவது நன்கு மக்கிய, சலித்த மண்புழு உரத்துக்கு. தழைச்சத்து 1 முதல் 2 சதவீதம்தான் என்றாலும், மணல் மண்ணில் நீரைப் பிடித்து வைக்கும். களிமண்ணை இளக்கும். இந்தப் பயனை எந்த மூட்டை உரமும் தராது. கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 7 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. ஆனால் எறும்பும் தெருநாயும் தேடி வரும். வேப்பம் புண்ணாக்கில் அந்தத் தொல்லை இல்லை. மக்காத சாணத்தை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். அதோடு வரும் களை விதைகளைப் பிடுங்கி எடுக்கவே நேரம் சரியாகிவிடும்.

வருடம் தவறாமல் செம்மண்ணும் எருவும் கலந்து இரண்டு அங்குலக் கனத்துக்குக் கொட்டி மூடும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இது உரமிடுவது ஆகாது, புல்லைப் புதைப்பது. தரைமட்டம் வருடாவருடம் உயர்ந்து, நடைபாதையைவிட மேலே போய், மழைநீர் வாசலுக்கு வரும். அடியில் மணலும் மேலே செம்மண்ணுமாக அடுக்கு அடுக்காக மண் நின்றால் நீரும் சீராக இறங்காது.

எப்போது?

ஆடி, ஆவணி மாதங்கள் நல்லவை. வெயிலும் அவ்வப்போது மாலை மழையும் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தை, மாசி அடுத்த வாய்ப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தழைச்சத்தைப் போட்டால், சென்னைக் கடற்கரையோர மணலில் அது நேராக நிலத்தடி நீருக்குப் போகும். டெல்டாவின் களிமண்ணில் நீர் தேங்கி, சத்து வாயுவாக வெளியேறும். அந்த ஈரத்தில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றினால் பூஞ்சணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதற்குத் தீனி. கத்திரி வெயிலிலும் தழைச்சத்து வேண்டாம்.

உரமிடும் முறை

முதல் வாரம் மண்ணைத் திறக்க வேண்டும். முந்தின நாள் நனைத்த தரையில் கார்டன் ஃபோர்க்கால் ஒரு சாணுக்கு ஒரு குத்து வீதம் நான்கு அங்குல ஆழம் குத்தி, பின்னுக்குச் சற்றே நெம்பி எடுங்கள். அதன்மேல் சலித்த மண்புழு உரத்தையும் கழுவிய ஆற்று மணலையும் சம பங்காகக் கலந்து, புல் நுனி வெளியே தெரியும்படி 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். கடலோர மணல் நிலத்தில் மணல் சேர்க்க வேண்டாம், மண்புழு உரம் மட்டும் போதும். ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர் கலவை பிடிக்கும், அதாவது காலி சிமென்ட் பையில் ஆறு பை.

இரண்டாம் வாரம் முதல் உரம். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, சுமார் 40 சதுர மீட்டர். நல்ல நிலையில் உள்ள புல்தரைக்கு ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்பது பொதுவான அளவு. நலிந்த புல்லுக்கு அதில் பாதி. கணக்குப் போட்டால் சென்ட்டுக்கு யூரியா 200 கிராம், அல்லது அம்மோனியம் சல்பேட் 450 கிராம். இரண்டும் சேர்த்து அல்ல. பரிசோதனையில் சாம்பல்சத்து குறைவு என்றால் பொட்டாஷ் 100 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசில் நிறுத்து எடுங்கள், கைப்பிடிக் கணக்கை நம்ப வேண்டாம்.

200 கிராம் யூரியாவை 435 சதுர அடிக்குச் சமமாகத் தூவ யாராலும் முடியாது. எனவே மூன்று கிலோ நன்கு உலர்ந்த மணலோடு கலந்துகொள்ளுங்கள். மணலில் ஈரம் இருந்தால் யூரியா கசிந்து கட்டியாகும் என்பதால் தூவுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். சாம்பலோடோ சுண்ணாம்போடோ கலக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகிவிடும்.

கலவையை இரண்டு வாளிகளில் சரிபாதியாகப் பிரியுங்கள். புல்தரையைக் கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாக வகுத்துக்கொண்டு, முதல் வாளியைக் கிழக்கு மேற்காகவும் இரண்டாவதைத் தெற்கு வடக்காகவும் நடந்தபடி தூவுங்கள். கையுறை அணிந்து, இடுப்பு உயரத்திலிருந்து விசிறிப் போடுங்கள். ஒரு சுற்றில் விட்டுப்போன இடம் அடுத்த சுற்றில் நிரம்பிவிடும். மாலை நேரம் நல்லது. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், இலை மட்டும் உலர்ந்திருக்க வேண்டும். பனித்துளியோ மழைத்துளியோ இருந்தால் உரம் இலையில் ஒட்டி அங்கேயே கருக்கும். புல்லை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே வெட்டி முடித்துவிடுங்கள்.

உடனே தண்ணீர். சென்ட்டுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் வேண்டும், இது 5 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். உங்கள் குழாயில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் 13 நிமிடம் பரவலாகத் தெளிக்க வேண்டும். தரையில் வழிந்தோடும் அளவுக்கு ஓரிடத்தில் நிற்காதீர்கள். ஓடுகளிலும் நடைபாதையிலும் சிதறிய உரத்தை முதலில் கூட்டிப் புல்லுக்குள் தள்ளிவிடுங்கள், வடிகாலில் போக விடாதீர்கள்.

எங்காவது வாளி கவிழ்ந்து குவியலாகக் கொட்டிவிட்டால், அள்ளி எடுப்பதற்கு முன் நீரால் கழுவக் கூடாது. முடிந்தவரை அள்ளி எடுத்தபின் அந்த இடத்துக்கு மட்டும் மூன்று நான்கு நாட்கள் நிறைய நீர் பாய்ச்சுங்கள்.

இரும்புப் பற்றாக்குறைக்கு

அன்னபேதி உப்பு எனப்படும் பெரஸ் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். கரைத்த அன்றே பயன்படுத்த வேண்டும், வைத்திருந்தால் துருநிறமாகி வீணாகும். சில நாட்களில் நிறம் திரும்பும். 10 முதல் 15 நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறை தெளிக்கலாம். கார மண்ணில் இதைத் தரையில் போடுவதால் பெரிய பயனில்லை, மண் அதைப் பூட்டிவிடும். சிமென்ட் தளத்திலும் கல்பதிப்பிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.

பரிசோதனையில் களர், அதாவது சோடியம் மிகுந்த மண் என்று வந்தால் அது தனி வேலை. ஜிப்சம் இட்டு, நல்ல நீரால் சோடியத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அளவைப் பரிசோதனை நிலையமே கணக்கிட்டுச் சொல்லும். வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சம் உதவாது, வடிகாலும் நல்ல நீரும்தான் மருந்து.

பிறகு வரும் மாதங்கள்

முதல் உரத்துக்குப் பின் பத்து நாட்களில் குருத்து நிறம் மாற வேண்டும். மாறாவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள், மேலே சொன்ன நான்கு சோதனைகளுக்குத் திரும்புங்கள். மாறினால் மூன்று நான்கு வார இடைவெளியில் அதே பாதி அளவை இன்னும் இரண்டு முறை கொடுக்கலாம். கொரியன் புல் மெதுவாக வளர்வது, அதற்கு ஆறு வார இடைவெளி வேண்டும்.

வெட்டும்போது இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையாக வெட்டினால், நீங்கள் கொடுத்த சத்து முழுவதும் இலையை மறுபடி உருவாக்கவே செலவாகி, வேருக்கு ஒன்றும் மிஞ்சாது. வெட்டிய துணுக்குகள் சிறியதாக இருந்தால் வாரி எடுக்க வேண்டாம். அவை மக்கித் தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தரும். புல்லுக்கு நோய் இருக்கும்போதும் கோரை பூத்திருக்கும்போதும் மட்டும் அகற்றிவிடுங்கள். கோரை எந்த உரத்தையும் புல்லுக்கு முன்பே உண்டுவிடும், அதன் கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிர வேறு குறுக்குவழி வேண்டாம்.

மூன்று தவணை கொடுத்தும் வெறுந்தரையாகவே நிற்கும் இடங்களில் புல் செத்துவிட்டது. அங்கே உரத்தை நிறுத்துங்கள். மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லும் சிமென்ட் கட்டியும் பொறுக்கி எடுத்து, மண்புழு உரம் கலந்து, உங்கள் தரையிலேயே நன்றாக இருக்கும் மூலையிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டுகளை வேர் மண்ணோடு வெட்டி, அரை அடி இடைவெளியில் பதியுங்கள். டி.ஏ.பி. சதுர மீட்டருக்கு 10 கிராம் அடியில் கலப்பது இந்த நேரத்தில்தான் பொருத்தம். மூன்று வாரம் மிதிபடாமல் பார்த்துக்கொண்டு, காலை மாலை லேசாக நீர் தெளித்து வந்தால், துண்டுகளிலிருந்து ஓடுகொடி கிளம்பும். ஓடுகொடிகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கிய பிறகு அந்த இடத்துக்கும் மற்ற புல்லுக்குக் கொடுக்கும் அதே பாதி அளவைக் கொடுக்கலாம்.